சந்தனம் வைத்த துப்பாக்கி

அந்தக் கடிதாசியை வெங்கட்ரமணன் மூன்றாவது தடவையாக மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற சோலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேறொரு நாளாக இருந்தால் சும்மா இருந்திருப்பானா? ‘ஊரெல்லாம் கடிதாசியைக் கண்ணால படிக்குது, நீங்க என்னய்யா மூக்குப்பொடி கணக்கா இழுக்குறீக’ என்று ஒரு போடு போட்டிருப்பான். மேலமாசி வீதி மாடியில் ‘துப்பறியும் வெங்கட்ரமணன்’ என்று பலகை மாட்டியிருக்கும் அந்த மனுஷரிடம் ஒன்பது வருஷமாக உதவியாள் அவன். பாதி வேலை ஓடுவது, மீதி வேலை வாயாடுவது. போலீஸ் ஆபீஸில் இருபது வருஷம் மொட்டைக் கடிதாசிகளைப் பிரித்துப் படித்தே கண்ணாடி தடித்துப்போன வெங்கட்ரமணனுக்கு, இவன் வாயைக் கேட்காவிட்டால் காலைக் காப்பி இறங்காது. இன்றைக்கு அந்த வாய் திறக்கவே இல்லை. அக்கா புருஷன் லாக்கப்பில் கிடக்கிறான், பாவம், அந்த வருத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அது பாதிதான் நிஜம். மீதியைச் சொன்னால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று சோலை நாலு நாளாக முழுங்கிக்கொண்டு திரிந்தான்.

நடந்தது இதுதான். விஜயதசமி விடியற்காலையில், செக்கானூரணிக்கு மேற்கே வெள்ளப்பாறைப்பட்டியில், மலையாண்டி என்கிற ஏர் பிடிக்கும் சம்சாரியின் வீட்டுக்குள் போலீஸ் புகுந்தது. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு எடுத்து வைத்த சாமான்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. கலப்பை, மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வரிசையின் கடைசியில் ஒரு துப்பாக்கிக் குழல். அதற்கும் பொட்டு வைத்து ஒரு செவ்வந்திப் பூ.

துப்பாக்கி என்று சொன்னால் அந்தக் குழாயே சிரிக்கும். யாரோ பாட்டன் பூட்டன் காலத்துச் சாமான். கட்டை உளுத்து, விசை துருப்பிடித்து விழுந்து, மிஞ்சினது ரெண்டு பக்கமும் ஓட்டையான வெறும் இரும்புக் குழாய். மலையாண்டியின் பெண்சாதி முத்துத்தாய் பன்னிரண்டு வருஷமாக அதை வைத்துத்தான் அடுப்பூதினாள். ஏர் பிடிக்கிறவனுக்குக் கலப்பை ஆயுதம் என்றால் அடுப்பூதுகிறவளுக்கு ஊதுகுழல் ஆயுதம்தானே? அதைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாள். அது தப்பா, சொல்லுங்கள்.

சட்டப் புத்தகம் தப்பு என்றது. ஆயுதத்தில் ஒரு பாகம் இருந்தாலும் அது ஆயுதம்தானாம். லைசென்ஸ் எங்கே என்றார் இன்ஸ்பெக்டர். அதோடு நின்றிருந்தால்கூட மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டு அனுப்பியிருப்பார். அனுப்ப முடியாதபடி மறித்துக்கொண்டு நின்றது, சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் டவுன் ஸ்டேஷன் ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழுந்த அந்த மொட்டைக் கடிதாசி.

“வெள்ளப்பாறைப்பட்டி மலையாண்டி வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. அது இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வேளை நடக்காது. அவன் அதில் மருந்து கெட்டித்துச் சுடுவதை என் இரு கண்ணாலும் கண்டேன். தயவுசெய்து அதை உடனே எடுத்துக்கொண்டு போய்விடவும்.”

கீழே கையெழுத்து இல்லை, பேரும் இல்லை.

இன்ஸ்பெக்டர் பழைய சிநேகிதர். “ஓய், இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் இதை வெச்சுக்கும். எழுதின ஆள் என் முன்னாடி வந்து, கண்ணால பாக்கலைன்னு சொல்லட்டும். குழாயை அடுப்படிக்கே அனுப்பிடறேன். இல்லேன்னா நாளைக்குப் பதினோரு மணிக்கு கேஸ் எடுத்துடுவா” என்று சொல்லிக் கடிதாசியைக் கொடுத்திருந்தார்.

தண்டனைகூடப் பெரிசில்லை. மலையாண்டி ஊர்ப்பக்கத்தில் ஆண்பிள்ளைகளின் பேரைப் பட்டியலில் எழுதி, கைரேகை பிடித்து, பொழுது சாய்ந்தால் ஸ்டேஷன் வராந்தாவில் வந்து படு என்கிற சட்டம் ஒன்று இருந்தது. திருடினவன், திருடாதவன் என்ற பேதமே கிடையாது. பிறந்த ஊருக்கும் குலத்துக்கும் போட்ட விலங்கு. பதினோரு வருஷம் மலையாண்டி அப்படிப் படுத்திருக்கிறான். போன ஆடி மாசம்தான் பேரை அடித்தார்கள். அன்றைக்குத்தான் மனுஷன் தன் வீட்டுக் கட்டிலில் படுத்தான். இந்தக் கேஸில் போலீஸ் ஜெயித்தால் பேர் திரும்பப் பட்டியலுக்குப் போகும், அவனும் வராந்தாவுக்குப் போவான்.

முத்துத்தாய் சோலையின் கூடப்பிறந்த அக்காள். அதுவாவது போகட்டும். அந்த ‘ஒரு வேளை நடக்காது’ என்கிற வார்த்தை இருக்கிறதே, அது சோலையின் சொந்தச் சரக்கு. நவமியன்று காலையிலிருந்து மத்தியானத்துக்குள் மூன்று இடத்தில் அவன் வாயாலேயே விற்ற சரக்கு. ஊரே தன் தன் ஆயுதத்துக்குப் பொட்டு வைத்துச் சும்மா கிடத்தின நாளில், இந்த நாக்குக்கும் ஒரு பொட்டு வைத்து மூலையில் உட்கார்த்தியிருக்கக் கூடாதா என்று அவன் தன்னையே வைதுகொண்டான்.

“விளக்கெண்ணெய் வாசனை அடிக்கறதுடா” என்றார் வெங்கட்ரமணன். “இது மையில்லே. கிளம்பு.”

*

கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் பெட்டி போட்டு உட்கார்ந்து மனு எழுதும் சீதாராமன், கடிதாசியை வாங்கி ஒரு தடவை திருப்பினார். பார்த்த உடனே உதட்டைப் பிதுக்கினார்.

“பேனாவால எழுதினதில்லே ஸ்வாமி. ஈர்க்குச்சி. பாருங்கோ, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தரம் தொட்டு, யார் கைன்னே தெரியாதபடி கோணியிருக்கு. காகிதம் மளிகைக்கடைப் பொட்டலம். இந்த மடிப்பு நூல் சுத்தின மடிப்பு.”

“வீட்டுல பேனா இல்லாதவனோ?”

“பேனா இல்லாதவன் என்கிட்ட வருவான். ஆனா அன்னிக்கு வந்திருந்தா நானும் எழுதியிருக்க மாட்டேன். சரஸ்வதி பூஜையோன்னோ. என் பேனா, மைக்கூடு, காகிதக்கட்டு எல்லாம் அம்பாள் காலடியில இருந்தது. லட்சம் கொடுத்தாலும் தொடுவேனா?”

வெங்கட்ரமணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தோஷம் வந்தால் அவர் செய்வது அது. “பார்த்தியாடா சோலை? பேனா இல்லாத ஆளில்லை. பேனாவைப் பூஜையில வெச்ச ஆள். ஒரு குடும்பத்தைக் கெடுக்கத் துணிஞ்ச கைக்கு, பூஜையில வெச்ச பேனாவைத் தொடத் துணிச்சல் வரலை!”

“ரொம்பப் பக்திமான்தான்” என்றான் சோலை. சுரத்தில்லாமல் வந்தது.

“இன்னொண்ணு. ‘இரு கண்ணாலும் கண்டேன்’னு போட்டிருக்கு. இது தொழில் தெரிஞ்ச கை. கண்டதாச் சொல்லாத மொட்டைக் கடிதாசியை எந்த ஸ்டேஷன்லயும் சீந்த மாட்டா, குப்பைக்குத்தான் போகும். அது தெரிஞ்ச யாரோ. ஆனா அதே ஆள் ‘அவனைப் பிடிச்சுண்டு போங்கோ’ன்னு எழுதலை பாரு. ‘அதை எடுத்துண்டு போங்கோ’ன்னு எழுதியிருக்கு. பகைக்காரன் அப்படி எழுதுவானோ?”

சீதாராமன் காகிதத்தை நகத்தால் சுரண்டினார். “எண்ணெயும் கரியும் சேர்ந்தா வண்டி மையா இருக்குமோ என்னவோ. வண்டி அச்சுக்குப் போடுவாளே, விளக்கெண்ணெய்தான் அதுக்கும்.”

“ஆரப்பாளையம் வண்டிப்பேட்டை!” என்றார் வெங்கட்ரமணன்.

சோலை குறுக்கே வந்தான். அவன் கதையளந்த முதல் இடமே அதுதான். “எதுக்குங்கய்யா அம்புட்டுத் தூரம்? வண்டிக்காரப் பயலுகளுக்கு எழுத்து எங்க தெரியும்? காளவாசல் பக்கம் விசாரிப்போம். செங்கல் சூளைக் கணக்கப்பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும்” என்று இழுத்தான்.

அவர் அதற்குள் ஜட்காவில் ஏறியிருந்தார்.

*

வைகைக் கரையோரம் வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. வைக்கோல் தின்ற மாடுகள் அசைபோட்டன. சின்னான் என்கிற வண்டிக்காரன் கடிதாசியை உள்ளங்கையில் விரித்து, ஓர் எழுத்தை விரலால் தேய்த்து, அந்த விரலைக் கட்டைவிரலோடு உரசிப் பார்த்தான். அப்புறம் அவனும் மோந்தான். சிரித்தான்.

“சாமி, வண்டி மை இம்புட்டு நைசா இருக்குமா? நாங்க வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கிப் போடுறது. நறநறங்கும். அதுவும் ஆயுத பூஜையன்னைக்கு வண்டிக்கே பொட்டு வச்சாச்சு, மைக்குழாய்க்கும் வச்சாச்சு, எவன் தொடுவான்? இது விளக்குக் கரி. பச்சைக் கற்பூரம் மணக்குது பாருங்க. எம் பொண்டாட்டி கண்ணுக்குப் போடுறது.”

“கண்மையா!”

“கண்மையேதான். எங்கூட்டுல கற்பூரம் போட வசதியில்ல. இது பெரிய வீட்டு மை.”

வெங்கட்ரமணன் தொடையைத் தட்டினார். “பொம்மனாட்டி! எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொம்மனாட்டி. பேனா, மை, நோட்டு எல்லாம் பூஜைக்குப் போயிடுத்து. கண்மைக்கு யார் பொட்டு வெப்பா? அது மிஞ்சிடுத்து. சபாஷ்!”

அதோடு கிளம்பியிருந்தால் சோலை அன்றைக்குத் தப்பியிருப்பான். சின்னான் விட்டால்தானே. “என்ன எழுதியிருக்குங்க சாமி?” என்று கேட்டான், அவரும் படித்துக் காட்டினார். ரெண்டாவது வரிக்கே அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அட, இது நம்ம சோலையண்ணே சொன்ன கதையில்ல! துப்பாக்கி இல்லாம எங்கக்கா வீட்டுல ஒரு வேளை நடக்காதுன்னாரு. நாங்கெல்லாம் ஆன்னு வாயப் பொளந்தோம். அப்பறம், அடுப்பூதாம எப்படிடா சோறு வேகும்னு ஒரு போடு போட்டாரு பாருங்க. ஊதுகுழலாம்! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்து நோவே வந்துருச்சு. ஏண்ணே, நீங்கதான் சொல்லுங்களேன்.”

சோலை தரையைப் பார்த்தான். மாடு ஒன்று தலையை ஆட்டி மணி குலுங்கியது. வெங்கட்ரமணன் கடிதாசியை மடித்துப் பையில் வைத்தார்.

*

ஜட்கா திரும்பிப் போகும்போது பாதி வழி வரைக்கும் அவர் பையிலிருந்த கடிதாசியைத் தடவிக்கொண்டே வந்தார். திட்டினாலாவது தேவலையே என்று சோலைக்கு இருந்தது.

“காலம்பறவே சொல்லியிருக்கலாமே” என்றார் கடைசியில்.

“சொல்ல வாய் வரலைங்கய்யா. ஒங்க சிபாரிசு இல்லாட்டி எம் பேரும் அந்தப் பட்டியல்ல இருந்திருக்கும். என்னையக் காப்பாத்துனீக. நான் எங்க மச்சானைக் கொண்டுபோய்த் தள்ளிட்டேன். நேத்து எங்கக்கா எந் தோள்ல சாஞ்சு அழுவுது, எழுதுன கையி வெளங்காமப் போகணும்னு. நான் தட்டிக் குடுக்குறேன். பேசுன வாயி பக்கத்துலயே இருக்குன்னு அதுக்குத் தெரியல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்கட்ரமணன் வெளியே பார்த்தார்.

“எத்தனை இடத்துல சொன்னே?”

“மூணு. வண்டிப்பேட்டையில. அப்பறம், கத்தியப் பூஜையில வைக்கிறதுக்கு முந்தி முகம் மழிக்கப் போன சலூன்ல.”

“சலூன்ல என்ன பண்ணினா?”

“சிரிச்சாக. கத்தியப் புடிச்சிருந்தவரே சிரிச்சதுல என் காது தப்புனது பெரிசு.”

“சிரிச்சவன் எழுத மாட்டான்டா. ஊதுகுழல்னு தெரிஞ்சப்புறம் எவன் ‘மருந்து கெட்டிச்சுச் சுட்டான்’னு எழுதுவான்? கதைக்கு வால் இல்லாமக் கேட்ட யாரோதான் எழுதியிருக்கா. எங்கேயாவது வாலை விட்டுட்டுச் சொன்னியா? யாராவது சிரிக்காம இருந்தாளா?”

சோலைக்குச் சுரீர் என்றது. ஒருவர் சிரிக்கவில்லை. கண்ணை அகல விரித்து, கையில் இருந்த சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ‘நெஜமாவா சோலை?’ என்று கேட்டார்கள். அந்தப் பயத்தைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஊதுகுழல் என்று உடைத்துச் சொல்லாமல், இன்னும் கொஞ்சம் பயப்படட்டும் என்று மீசையைத் தடவிக்கொண்டு வந்துவிட்டான். நாளைக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தான். அந்த நாளைக்குத்தான் போலீஸ் போய்விட்டது.

“மூணாவது எந்த இடம்?”

சோலை குதிரையின் முதுகையே பார்த்தான்.

“சோலை, உன்னைத்தான் கேக்கறேன். நவமியன்னிக்கு மத்தியானம் நீ…” என்று தொடங்கிய வெங்கட்ரமணன் பாதியில் நின்றார். நவமியன்று மத்தியானம் சோலை சுண்டலுக்கு வந்தது அவர் வீட்டுக்கு. கொலு முன்னால் அவருடைய பேனாக்கள் எல்லாம் பூஜையில் இருந்தன. அவர் மனைவி ஸ்யாமளா கண்மையை வீட்டிலேயேதான் கூட்டுவாள், பச்சைக் கற்பூரம் போட்டு. அன்று சாயங்காலம் கோயில் கொலு பார்க்கப் போனாள். டவுன் ஸ்டேஷன் அந்த வழியில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சோலையும் சொல்லவில்லை. ரெண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது என்பது ரெண்டு பேருக்கும் தெரிந்தது. வெங்கட்ரமணன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

*

வெங்கட்ரமணன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் முத்துத்தாய் உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பிடித்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு போட்டு, ராத்திரி படுக்க இடமும் கொடுத்துவந்தது ஸ்யாமளாதான். இவர்களைக் கண்டதும் சடக்கென்று எழுந்தாள்.

“சாமி, ஆளு ஆப்புட்டுச்சா?”

வெங்கட்ரமணன் கையில் இருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சமையலறை வாசலில் ஸ்யாமளா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே நின்றார்.

சோலை முன்னால் வந்தான். இந்த வீட்டுச் சோறு ஒன்பது வருஷம் தின்றவன் அவன்.

“ஆப்புட்டுச்சுக்கா. நான்தான்.”

முத்துத்தாய் சிரித்தாள். “வெளையாடுற நேரமாடா இது?”

“வெளையாடலக்கா. நான்தான் சொன்னேன். ஆள வச்சு எழுதுனதும் நான்தான்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. அப்புறம் கன்னத்தில் விட்டாள் ஓர் அறை. ரெண்டாவது, மூன்றாவது. “பாவி! பாவிப்பயலே! ஒன்னைய இடுப்புல தூக்கி வளத்தேனேடா! ஒங்க மச்சான் ஒனக்கு என்னடா கெடுதல் செஞ்சாரு?” சோலை கையைத் தூக்கவில்லை. அடி விழ விழ மனசு லேசாகும் என்று நினைத்தான். ஆகவில்லை.

“அவனை விடு, முத்துத்தாய்.”

ஸ்யாமளா வாசற்படியைத் தாண்டி வந்திருந்தாள். “அவன் ஆளும் வெக்கலை, ஒண்ணும் வெக்கலை. நான்தான் எழுதினேன்.”

முத்துத்தாய் தம்பியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“இவர் மாசத்துக்கு ரெண்டு தரம் உங்க ஊர்ப்பக்கம் விசாரணைன்னு வரார். உங்காத்துல சாப்பிடறார். அங்கே துப்பாக்கி இருக்குன்னு சோலை சொன்னதும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. இவர்கிட்ட முன்னாடி ரெண்டு தரம் பயமாயிருக்குன்னு சொல்லியிருக்கேன், சிரிச்சுட்டுப் போயிட்டார். போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துண்டு போயிடும்னு நினைச்சேன். மனுஷனை எடுத்துண்டு போவான்னு நினைக்கலையே!”

“அது அடுப்பூதுற குழாயின்னு நான் வந்த அன்னைக்கே ஒங்ககிட்டச் சொன்னேனேம்மா” என்றாள் முத்துத்தாய்.

“சொன்னே. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். வாய் வரலை. உனக்குச் சாதம் போட்டுப் போட்டு அந்தப் பாவத்தைக் கழுவப் பாத்தேன்.”

“நாலு நாளா ஒங்க கையால தின்னேன்” என்றாள் முத்துத்தாய்.

வெங்கட்ரமணன் இப்போதுதான் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். குரல் உயர்ந்தது. “பயந்தே, எழுதினே, சரி. காணாததைக் கண்ணால கண்டேன்னு எழுத உனக்கு எப்படிடீ மனசு வந்தது? அந்த ஒரு வரி இல்லேன்னா அவன் உள்ளே போயிருக்கவே மாட்டானே!”

ஸ்யாமளா அவரையே பார்த்தாள். அழுகையை நிறுத்திக்கொண்டு சொன்னாள்.

“நீங்கதானே சொன்னேள்? தினம் சாப்பிடறச்சே இலை முன்னாடி உக்காந்துண்டு சொல்வேளே. ‘இரு கண்ணாலும் கண்டேன்’னு ஒரு வரி இல்லேன்னா எந்த மொட்டைக் கடிதாசியும் குப்பைக்குத்தான் போகும்னு. பதினைஞ்சு வருஷமாக் கேட்டுண்டே பரிமாறியிருக்கேன். அதான் போட்டேன்.”

வெங்கட்ரமணன் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தொழில் தெரிந்த கை என்று காலையில் மெச்சினாரே, அந்தக் கைக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். எத்தனையோ பேரின் குற்றத்தைச் சாப்பாட்டுக்கு நடுவே ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொண்டவர், இன்றைக்குத் தன் பங்கைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

முத்துத்தாய்க்கு இவர்கள் வெட்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“இப்பவே அந்த ஏட்டையாகிட்ட… இன்ஸ்பெக்டருகிட்ட வந்து சொல்லுவீகளா? நாளைக்குக் கோர்ட்டுலயும் ஏறிச் சொல்லுவீகளா? அம்புட்டுச் சனத்துக்கு முன்னால?”

பெரிய வீட்டுப் பெண் கூண்டில் ஏறுவதா? ஊர் நாலு தலைமுறைக்குப் பேசும். ஸ்யாமளா புருஷனைப் பார்த்தாள்.

“ஏறுவாள்” என்றார் வெங்கட்ரமணன். “அவளுக்கு அந்த வரியை யார் சொல்லிக்கொடுத்தான்னு கேட்டா, நானும் ஏறுவேன்.”

*

இன்ஸ்பெக்டர் சாயங்காலமே எழுதி வாங்கிக்கொண்டார். ஆனாலும் கோர்ட்டில் பதிந்த கேஸ், மாஜிஸ்திரேட் முன்னால்தான் தீர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஸ்யாமளா கூண்டில் ஏறினாள். கோர்ட்டு வராந்தாவில் இடமில்லை. துப்பறியும் வெங்கட்ரமணன் சம்சாரமே மொட்டைக் கடிதாசி எழுதினாளாமே என்று பாதி மதுரை அங்கே நின்றது. அவள் தலையைக் குனியாமல் சொன்னாள். நான் ஒன்றும் காணவில்லை, கண்டேன் என்று எழுதினது பொய் என்றாள். ஒரு வார்த்தையும் விடவில்லை. வெங்கட்ரமணனும் ஏறி, தன் பங்கைச் சொல்லி, இறங்கினார். மனு எழுதும் சீதாராமன்கூட அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் சோலையைக் கூப்பிட்டார்கள். நீ சொன்னதை அப்படியே சொல் என்றார் மாஜிஸ்திரேட். சோலை சொன்னான். தாழ்ந்த குரலில், பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னான். ‘அடுப்பூதாம எப்படிச் சோறு வேகும்’ என்கிற இடத்தில் கோர்ட்டு கொல்லென்று சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். தான் சொன்னதற்குச் சிரித்தவர்களைப் பார்த்து முதல் தடவையாகச் சோலைக்கு ஆத்திரம் வந்தது. அடங்குங்கடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. சிரிக்காமல் நின்றவன் ஒருத்தன்தான். குற்றவாளிக் கூண்டில் மலையாண்டி, கையைக் கட்டிக்கொண்டு, இவனையே பார்த்தபடி நின்றான்.

மாஜிஸ்திரேட் ஸ்யாமளாவைக் கடுமையாக எச்சரித்தார். மலையாண்டியைப் போகச் சொன்னார். பட்டியலில் பேர் ஏறாது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே புங்கமரத்தடியில் முத்துத்தாய் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டான். நாலு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சோலை போய் அவன் காலில் விழுந்தான்.

“மச்சான், என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்க.”

“எந்திரிப்பா” என்றான் மலையாண்டி. கோபமே இல்லை அந்தக் குரலில். “எழுதுனவன் யாரா இருக்கும்னு உள்ளுக்குள்ள ஒக்காந்து ஊருல அம்புட்டுப் பேரையும் சந்தேகப்பட்டேன். வரப்புத் தகராறுல நல்லகாமன் செஞ்சிருப்பானோன்னு அவனைக்கூட நெனச்சேன். அவன் வீட்டுல போய் இனி எப்படித் தண்ணி வாங்கிக் குடிப்பேன்? ஒன்னைய மட்டும் நெனக்கல.”

“தெரியாமப் பேசிட்டேன் மச்சான். சிரிப்புக்குத்தான் சொன்னேன்.”

“ஆமா. எல்லாரும் சிரிச்சாகளே, பாத்தேன்.”

முத்துத்தாய் தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். மலையாண்டி நாலு எட்டு நடந்தான். பிறகு நின்று திரும்பினான். கல்யாணத்தன்றிலிருந்து ‘மாப்ள’ என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி அவன் மச்சினனைக் கூப்பிட்டதில்லை.

“சோலை, ஒங்க அக்காவைப் பாக்கணும்னு இருந்தா எப்ப வேணாலும் வா. வரவேணாம்னு சொல்லல” என்றான். “நான் வயக்காட்டுக்குப் போன பெறகு வா.”

சோலை அந்த இடத்திலேயே நின்றான்.

“சரிங்க மச்சான்” என்றான்.